அணை திறந்த மறுவாரம்

ஜூன் பிறந்துவிட்டால் டெல்டாவின் டீக்கடைகளில் ஓர் எண்தான் பேச்சு. "மேட்டூர் இன்னைக்கு எத்தனை அடி?" மன்னார்குடியில் பேப்பரை விரிக்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான். திருத்துறைப்பூண்டியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் பக்கத்து ஆளிடம் கேட்பதும் அதைத்தான். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. 90ஐத் தாண்டியிருந்தால் ஜூன் 12இல் திறந்துவிடுவார்கள் என்பது ஊரில் ஒரு வாய்க்கணக்கு. பேச்சு கபினி, வயநாட்டு மழை, கர்நாடகம், டெல்லி என்று எங்கெங்கோ சுற்றும். கடைசியில் யாராவது ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "தேதிக்குத் தண்ணி வந்துட்டா போதும்யா. வேற ஒரு கவலையும் இல்ல."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதில் பாதி தப்பு. மீதிப் பாதி, உளவியல் படித்தவர்களே கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்த உண்மை.

முதலில் தப்பான பாதி. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கவில்லை. ஒரு வருடம் ஆகஸ்ட், ஒரு வருடம் செப்டம்பர், 2017இல் அக்டோபர் 2. குறுவை என்ற சொல்லையே சில ஊர்களில் மறந்துவிட்டார்கள். பிறகு 2020இல், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, ஜூன் 12 அன்றே திறந்தது. அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் மதகு வழியே நுரை தள்ளும் வீடியோதான். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்ததும் பூவும் நெல்லும் தூவி ஆற்றில் விட்டார்கள். எட்டு வருடம் ஏங்கியது நடந்தேவிட்டது.

சரி, மறுவாரம் என்ன பேசினார்கள்? வாய்க்கால் தூர் வாரவில்லை. யூரியா கிடைக்கவில்லை. நடவுக்கு ஆள் இல்லை, வந்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை, மெஷின் வைத்தால் பாய் நாற்றங்கால் வேறு தனியாகப் போட வேண்டும். செப்டம்பர் வந்ததும் கொள்முதல் நிலையம் எப்போது திறப்பார்கள் என்ற கவலை. தேதிக்குத் தண்ணீர் வந்தது என்ற விஷயத்தை யாரும் எடுத்துப் பேசவே இல்லை. இதை நன்றி கெட்டத்தனம் என்று நினைத்தால் அவர்களைத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். மனித மனசின் சாதாரண வேலை இது. அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு நெல் அவிக்கிற வாடை தெரியாது. விருந்துக்கு வந்தவருக்குத்தான் மூக்கைத் துளைக்கும். எது நிரந்தரமாக ஒரே மாதிரி இருக்கிறதோ, அதை மனசு கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் பெயர் பெற்றவர் பிலிப் பிரிக்மன். 1978இல் அவரும் இரண்டு சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவின் இலினாய் மாநில லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேர், விபத்தில் கைகால்களோ கால்கள் மட்டுமோ செயலிழந்த 29 பேர், இரண்டும் நேராத அக்கம்பக்கத்து 22 பேர் என்று மூன்று கூட்டத்தாரிடம் இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பரிசு விழுந்தவர்கள் சராசரியாக 4.00. எதுவும் நேராதவர்கள் 3.82. ஆய்வாளர்கள் பார்வையில் அந்த இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேசுவது போன்ற அன்றாடச் சந்தோஷங்களைத் தனியாகக் கேட்டபோது பரிசுக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே போட்டார்கள்.

மேடைப் பேச்சாளர்களும் சுயமுன்னேற்றப் புத்தகக்காரர்களும் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, லாட்டரி அடித்தவனும் கால் போனவனும் ஒரே வருடத்தில் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்று முழங்குவார்கள். எனக்கு இது எரிச்சலூட்டும். விபத்துக்குள்ளானவர்கள் போட்ட மதிப்பெண் 2.96. அது மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைவு. ஆய்விலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆச்சரியப்பட வேண்டியது வேறு இடம்: கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களும் இருந்த ஒரு கூட்டத்தின் சராசரி பாதிக்கு மேலே நின்றது. "எனக்கு அப்படி ஆனால் செத்தே போவேன்" என்று வெளியே இருந்து சொல்கிறவர் கற்பனை செய்யும் பாதாளம் அங்கே இல்லை.

லாட்டரி பக்கத்துக்கும் பின்னாளில் ஒரு திருத்தம் வந்தது. ஸ்வீடனில் பரிசு பெற்றவர்களைப் பல வருடம் கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்ட ஆய்வு 2020இல் வெளியானது. பெரிய தொகை விழுந்தவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய திருப்தி கூடியிருந்தது, பத்து வருடம் தாண்டியும் அது தேயவில்லை. தமிழ்நாட்டில் 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு, 2003இல் தடையானது. இங்கே அப்படி ஓர் ஆய்வு நடத்த ஆள் தேடியிருந்தால் விழுந்தவரைவிட விழாமல் வீட்டை இழந்தவர்கள்தான் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அது வேறு கதை. இப்போதைக்கு அமெரிக்க, ஸ்வீடன் முடிவுகள் இரண்டும் ஏன் ஒன்றோடொன்று இடிக்கின்றன என்ற கேள்வியை மட்டும் மடியில் முடிந்து வைத்துக்கொள்வோம். பதில் நம்மூர் நெல் குவியலில்தான் இருக்கிறது.

மாற்றத்தைப் பற்றி நாம் போடும் கணக்கு ஏன் தவறுகிறது? டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும். வரப்போகும் மாற்றத்தை நினைக்கும்போது நாம் அது வந்து சேரும் நாளை மட்டும்தான் படம் பிடிக்கிறோம். கிரகப்பிரவேசத்தை நினைக்கிறோம், அதற்கு அடுத்த ஆவணியில் மொட்டைமாடியில் நீர் கசிவதை நினைப்பதில்லை. அதேபோல், கெட்டது நடக்கும் நாளை நினைக்கிறோம். அதற்குப் பிறகும் பால் வாங்கப் போக வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், மச்சான் வந்து சிரிக்க வைப்பான் என்பதெல்லாம் படத்தில் இல்லை.

வில்சன் இதை ஒரு கால்பந்தாட்டத்தை வைத்துச் சோதித்தார். உங்கள் அணி ஜெயித்தால் சில நாள் கழித்து எவ்வளவு சந்தோஷமாக இருப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார். ஒரு பகுதியினரை மட்டும், வரும் நாட்களில் எதெதற்கு எவ்வளவு நேரம் செலவாகும் என்று முதலில் எழுதச் சொன்னார்: வகுப்பு, சாப்பாடு, துணி துவைப்பது, தூக்கம். எழுதியவர்களின் எதிர்பார்ப்பு மட்டுப்பட்டது, நடந்ததற்கு நெருக்கமாகவும் வந்தது. வேறு எந்த உபதேசமும் அவர்களுக்குச் செய்யவில்லை. சாதாரண நாளை ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான்.

டேனியல் கானமன், டேவிட் ஷ்கேட் இருவரும் 1998இல் செய்தது இன்னும் நமக்குப் பக்கம். கடுங்குளிர் அடிக்கும் நடு அமெரிக்காவிலும், வருடம் முழுக்க வெயில் காயும் கலிஃபோர்னியாவிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் ஏறக்குறைய 2,000 பேரைக் கேட்டார்கள். இரண்டு பக்கத்தாரும் கலிஃபோர்னியாக்காரர்களே அதிகச் சந்தோஷமாக இருப்பார்கள் என்றார்கள். அவரவர் திருப்தியை அவரவரிடம் கேட்டபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு. தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு வெயில் தெரிகிறது. அங்கே இருப்பவனுக்குத் தேர்வும் வாடகையும் தெரிகிறது. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற தெருக்கள் உண்டு. "அவனுக்கென்ன, சிங்கப்பூர்ல இருக்கான்" என்று இங்கே சொல்வார்கள். "உனக்கென்னடா, ஊர்ல இருக்க" என்று அங்கிருந்து போன் வரும்.

இவ்வளவையும் ஒருநாள் ஒரத்தநாட்டுப் பக்கத்து டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, என்னைவிட மூத்த ஒருவர் குறுக்கிட்டார். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்பது மா நிலமும் கொஞ்சம் தென்னையும் உள்ளவர். நம் பக்கத்தில் மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால் கணக்கு மூன்று ஏக்கர்.

"அப்ப எல்லாத்துக்கும் மனசு பழகிடும்ங்கிறீங்க. தண்ணி வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். இதைத்தான தம்பி அதிகாரிங்களும் சொல்றாங்க?"

"அப்படி இல்லைங்கண்ணே. பழகாதது ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் வர்றேன்."

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. மனசு பழகிவிடும் என்பதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, கஷ்டப்படுகிறவரிடம் போய்ச் சொன்னால் அதைவிட அநியாயம் கிடையாது. ஆகவே பழகுவது எது, பழகாதது எது என்று பிரித்தாக வேண்டும்.

அவருடைய தென்னையிலிருந்தே தொடங்கலாம். 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டது. நெட்டை ரகம் நட்டால் காய்ப்புக்கு ஆறேழு வருடம் ஆகும். அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 500 விழுந்த மரத்தை அப்புறப்படுத்த. "இனி எந்திரிக்க முடியாது" என்று அந்த மாதம் சொல்லாதவர் இல்லை. அப்போது அது பொய்யும் இல்லை. ஆனால் நான் பழகும் தோப்புக்காரர்களில் பலர் இரண்டாம் வருடமே வேறு பேச்சுக்கு வந்துவிட்டார்கள்: குட்டை ரகம் வைக்கலாமா, இடையில் வாழை போடலாமா, பேசாமல் நெல்லுக்கே திரும்பிவிடலாமா. நஷ்டம் நஷ்டம்தான், அது கணக்கு நோட்டில் அப்படியே நிற்கிறது. அன்றாட மனசு மட்டும் அவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் எழுந்து நடந்தது. கில்பர்ட் இதை மனசின் எதிர்ப்புச் சக்தி என்கிறார். உடம்பில் கிருமி புகுந்தால் நாம் கேட்காமலே வேலை தொடங்குவது போல இதுவும் தானாகத் தொடங்கும், தொடங்குவது நமக்கே தெரியாது. தெரியாததால்தான் முன்கூட்டிக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

ஒரத்தநாட்டு அண்ணன் இதை மறுக்கவில்லை. "மரம் போனது போச்சு. பேரு லிஸ்ட்ல இருக்கா இல்லையான்னு அலைஞ்சோம் பாருங்க, அதுதான் கொன்னுடுச்சு" என்றார்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மரம் விழுந்தது முடிந்துபோன காரியம். பட்டியலில் பெயர் என்பது முடியாத காரியம். முடிந்ததோடு மனசு சமாதானம் பேசும். முடியாமல் தொங்குவதோடு அது பேச வழியே இல்லை.

2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் துளை வைத்து, மலம் வெளியே பையில் சேரும்படி செய்யப்பட்ட நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு சாராருக்கு அது நிரந்தரம். இன்னொரு சாராருக்குப் பின்னால் அறுவை செய்து பழையபடி சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. யார் சந்தோஷமாக இருப்பார்கள் என்று கேட்டால், நம்பிக்கை உள்ளவர்கள்தான் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். நாள் போகப்போகத் தேறிவந்தவர்கள், நிரந்தரம் என்று தெரிந்தவர்கள். சரியாகிவிடலாம் என்று காத்திருந்தவர்கள் அப்படித் தேறவில்லை. இது தற்காலிகம்தானே என்று காத்திருக்கும்வரை புது வாழ்க்கைக்கு ஏற்பாடு செய்யத் தோன்றாது.

லண்டனில் 2016இல் இன்னொரு சோதனை. 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் வரும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் கையில் வலிக்கும்படி ஷாக். வியர்வை, கண்மணி விரிவது எல்லாவற்றையும் அளந்தார்கள். பாம்பு கண்டிப்பாக உண்டு, ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் குறைவாகவே இருந்தது. அது உச்சத்துக்குப் போனது, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்போதுதான். நிச்சயமான வலியைவிட, வருமோ வராதோ என்ற வலி உடம்பை அதிகம் வாட்டியது.

இனி நம்மூர் நெல் குவியலுக்கு வருவோம். குறுவை அறுப்பு விழும் காலமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலமும் ஒன்றோடொன்று உரசும். அக்டோபரில் டெல்டாவில் எந்தச் சாலையில் போனாலும் பாதிச் சாலை நெல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலிலிருந்து குவியல் குவியலாக நீண்டிருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை பலமாக அடித்துவிட்டால் தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதுவார்கள், மத்தியக் குழு வந்து பார்த்துப் போகும், பதில் வரும்வரை நெல் அங்கேயே கிடக்கும். குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டிருப்பவரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். வெயில் வந்தால் தார்ப்பாயை விலக்கி, பலகையால் நெல்லை இழுத்துப் பரப்பி, காலால் கிளறிவிட்டபடி நடப்பார். மேற்கே கருத்தால் ஓடிப்போய்க் கூட்டி மூடுவார். நடுவில் ஒரு பிடி அள்ளி, ஒரு நெல்லைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது. சப்பென்று நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். அடிக்குவியலில் கையை விட்டு, சூடு ஏறியிருக்கிறதா, முளை விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். 40 கிலோ சிப்பமாகத் தைத்துத் தராசில் ஏறும்வரை இதே வேலை.

உழைப்பைப் பற்றிக் கேட்டால் அவர் சிரிப்பார். களத்து வேலை அவருக்குப் புதிதா என்ன? "என்னைக்கு எடுப்பாங்கன்னு சொல்லிட்டா வீட்டுக்குப் போயிட்டு அன்னைக்கு வந்துருவேன்" என்பார். ஒரு வாரம் கழித்துத்தான் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் திட்டிக்கொண்டே தூங்கியிருப்பார். நாளைக்கு எடுத்தாலும் எடுப்பார்கள் என்பதால் ஒவ்வோர் இரவும் விழித்திருக்கிறார். பத்தாம் நாள் இரவு முதல் நாள் இரவைவிடச் சுலபமாக இருப்பதில்லை. பழகுவதற்கு அங்கே நிலையான பொருள் ஒன்றும் இல்லை.

மடியில் முடிந்த கேள்வியை இப்போது அவிழ்க்கலாம். இலினாயில் பரிசு விழுந்தவர்களிடம் கேட்டது இன்றைய சந்தோஷம். ஸ்வீடனில் கேட்டது மொத்த வாழ்க்கை மேல் உள்ள திருப்தி. கேள்வி வேறு என்பது ஒரு காரணம். இலினாயில் 22 பேர்தான் என்பது இன்னொன்று. மூன்றாவதாக என் கணக்கு ஒன்று உண்டு. பணம் வாங்கித் தரும் பொருள்களுக்கு மனசு பழகிவிடுகிறது. "அடுத்த மாதம் என்ன செய்வோம்" என்ற கேள்வி வீட்டைவிட்டுப் போய்விட்டால், அந்த நிம்மதி அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை.

இதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போகவே வேண்டாம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் எழுதியது. கரும்புக்காரருக்குப் பணம் வருவது வருடத்துக்கு ஒருமுறை. வெட்டுவதற்கு முன் நகை அடகில், கைமாற்றுக் கடன் கழுத்தில். வெட்டிப் பணம் வந்தபின் மூச்சு விடலாம். அதே மனிதருக்கே வெட்டுக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். படத்தில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்கும் வகை. பணமுடையில் இருந்தபோது கண்கூடாகக் குறைவாகச் செய்தார்கள். ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு சமயத்தில் வெட்டு உத்தரவு கொடுப்பதால் பருவம், வெயில் என்று காரணம் சொல்லவும் வழி இல்லை. ஆளும் அவரேதான், மூளையும் அதேதான். நகையை எப்போது மீட்பது என்ற யோசனை அதில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைமடையையும் கடைமடையையும் பாருங்கள். திருவையாறு, பாபநாசம் பக்கம் போர்செட் வைத்திருப்பவர் அணை திறக்கிறதோ இல்லையோ குறுவை நட்டுவிடுகிறார். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அவருக்கு ஆற்று நீரை விட்டால் கதி இல்லை, அதுவும் எல்லா மடையும் தாண்டிக் கடைசியாக வரவேண்டும். தண்ணீர் குறைந்த வருடத்தில் முறைப்பாசனம் வேறு. இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோரும் மூட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். மேட்டூர் எத்தனை அடி என்ற கேள்வியைத் தினமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருப்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத வருமானம். (நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவது போர்செட்காரரும் ஒருநாள் அந்த வரிசையில் வந்து நிற்பதற்கான முன்னறிவிப்பு. அதை அவரிடம் சொன்னால் டீயோடு பேச்சை முடித்துக்கொள்வார்.)

ஆக, "தேதிக்குத் தண்ணி வந்துட்டா போதும்" என்பதில் உண்மையான பாதி இதுதான். தண்ணீர் தரும் சந்தோஷத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரு வாரத்தில் பொய்யாகும். தேதி தரும் நிம்மதியைப் பற்றி அவர் சொன்னது சரி.

நிலத்தை விற்கலாமா, மகனோடு சென்னைக்குப் போய்விடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. நம்மை நாமே தப்பாகக் கணக்கிடும் இன்னொரு வழியும் உண்டு. கில்பர்ட், வில்சன், ஜோர்டி க்வாய்ட்பாக் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 19,000க்கு மேற்பட்டவர்களைக் கேட்டார்கள்: போன பத்து வருடத்தில் உங்கள் விருப்பமும் குணமும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று ஒரு சாராரை, வரும் பத்து வருடத்தில் எவ்வளவு மாறும் என்று இன்னொரு சாராரை. பதினெட்டு வயதுக்காரரிலிருந்து அறுபதைத் தாண்டியவர்வரை எல்லா வயதிலும், போனதைச் சொன்னவர்கள் நிறையச் சொன்னார்கள், வரப்போவதைச் சொன்னவர்கள் கொஞ்சமாகச் சொன்னார்கள். இப்போது இருக்கிற நான்தான் கடைசி நான் என்று எல்லா வயதிலும் நினைக்கிறோம். நாற்பதில் சேறு வேண்டாம் என்று ஓடுகிறவருக்கு அறுபதில் வரப்பு தேவைப்படலாம். அதற்காக விற்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? விற்ற பிறகு "விற்றிருக்கக் கூடாதோ" என்று கதவைத் திறந்தே வைத்திருப்பதுதான் வதை. கில்பர்ட் இதையும் சோதித்திருக்கிறார். ஹார்வர்டில் புகைப்படம் பயின்ற மாணவர்களிடம், தாங்கள் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிலருக்கு முடிவு இறுதியானது. சிலர் சில நாளில் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவர்களுக்குத்தான் தங்கள் படம் பிடித்துப்போனது. முன்கூட்டிக் கேட்டால் மாற்றிக்கொள்ளும் வசதியைத்தான் பலரும் விரும்பினார்கள்.

முடிவெடுக்கும் முன் நான் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: போன மறுநாளை விடுங்கள், போய் ஆறு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? சென்னை வேளச்சேரி அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியை நினைத்துப் பார்த்து, பதில் வராமல் பலர் முழிப்பார்கள். சிலருக்கு உடனே பதில் வரும்: பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து பேப்பர் படிப்பேன். அவர்கள் தாராளமாகப் போகலாம்.

தனி மனிதருக்கு இந்த அளவு போதும். டெல்டாவுக்குப் போதாது, ஏனென்றால் இங்கே தொங்கலில் இருப்பது தனி மனிதர் கையில் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு தந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் அதைத் திருத்தி, தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டிய நீரை 177.25 டிஎம்சி என்று வைத்தது. மாதவாரிக் கணக்கும் இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று தசமப் புள்ளியோடு. இவ்வளவு துல்லியமும் மழை பெய்யும் வருடத்துக்கு. மழை பொய்த்த வருடத்தில் பற்றாக்குறையை விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. அந்த விகிதத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் இழுபறி. நல்ல வருடத்தில் யாருக்கும் கணக்கே தேவைப்படுவதில்லை, அணை தானாக நிரம்பும். கெட்ட வருடத்துக்குத்தான் கணக்கு வேண்டும், அங்கேதான் அது கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போகிறது.

2024இல் ஜூன் 12 போய், ஜூலை 28இல்தான் அணை திறந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் கடைமடைக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குறுவையை விட்டுவிட்டு, கோடை மழையில் புழுதி உழவு ஓட்டி, நீண்ட கால ரகம் வாங்கிச் சம்பாவை நேரடியாக விதைத்துவிடலாம். நாற்றங்கால் செலவும் நடவுக் கூலியும் மிச்சம். அதற்கு விதை, டிராக்டர் வாடகை, கூட்டுறவுக் கடன் எல்லாவற்றையும் முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த வருடம் குறுவைக்குத் தண்ணீர் இல்லை என்று மே மாதமே ஒருவர் திட்டவட்டமாகச் சொன்னால் அன்று சாலை மறியல் நடக்கும், கொடும்பாவியும் எரியும். ஆனால் ஜூன் மாதத்தில் கடைமடைக்காரர் உழுதுகொண்டிருப்பார்.